திடல் யாருடையது

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், அது சுற்றி வளைத்துக் காற்பந்தில் வந்து நிற்கும். எந்த ரப்பர்த் தோட்டத்துக் கோல்கீப்பர் பெனால்டியை மூஞ்சியால் தடுத்தார், எந்த ஆட்டத்தில் நடுவரைத் துரத்திக்கொண்டு போனார்கள், எந்தத் தோட்டம் யாருடைய கிண்ணத்தை எத்தனை வருஷம் விடாமல் வைத்திருந்தது என்றெல்லாம் கதை வரும். கதை முடிந்ததும் தீர்ப்பு வரும்: "இந்தக் காலத்துப் பையனுங்களுக்கு எங்க விளையாட்டு? கையில போன் இருந்தா போதும்."

எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. பையன்கள் மாறியது உண்மைதான். ஆனால் அவர்கள் மாறுவதற்கு முன்பே வேலை நேரம் மாறிவிட்டது, காலுக்குக் கீழே இருந்த நிலமும் கை மாறிவிட்டது. இவை இரண்டும் இல்லாமல் எந்த விளையாட்டும் இல்லை. தோட்டத்தில் பிறந்து, அந்தத் தோட்டம் மூடப்படுவதைப் பார்த்து, இப்போது பட்டணத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கும் எனக்கு, போனைக் குறை சொல்வது ரொம்பச் சுலபமான வழியாகத் தெரிகிறது.

முதலில் நேரம். பால்மரம், அதாவது ரப்பர் மரம், விடிவதற்கு முன் எழுபவனுக்குத்தான் பால் கொடுக்கும். இரவில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் கூடி நிற்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுத்துக்கொள்ளும், அழுத்தம் குறையும், வெட்டிய கோட்டில் பால் ஒழுகுவதும் குறைந்துவிடும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. மேற்பார்வை பார்க்கும் தண்டல் பெயர் கூப்பிட்டு முடித்ததும் நெற்றியில் விளக்கோடு நிரைக்குப் போவார்கள். முற்பகலுக்குள் மரம் வெட்டி முடித்து, கொஞ்சம் காத்திருந்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் (தோள் காவடியில்) தூக்கிக்கொண்டு போய் ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வீடு வந்து சேரும்போது மதியம் ஒன்றோ இரண்டோ ஆகிவிடும். சாப்பாடு, ஒரு தூக்கம். ஐந்து மணிக்குத் திடலில் பந்து.

தோட்டப்புறத்தில் காற்பந்து அப்படி வேர் பிடித்ததற்கு எங்கள் ஆட்கள் பெரிய வீரர்கள் என்பது மட்டும் காரணமில்லை. மாலை நேரம் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் காலியாக இருந்தது. பதினோரு பேரை, ஏன் இருபத்திரண்டு பேரை, தினமும் ஒரே நேரத்தில் ஓர் இடத்தில் சேர்க்க முடிந்தது. அதற்குப் பால்மரத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இங்கிலாந்திலும் கதை நேரத்தில்தான் தொடங்குகிறது. ஆலைகள் வருவதற்கு முன் அங்கே காற்பந்து என்பது ஊர்த் திருவிழா மாதிரி. தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய செவ்வாய்க்கிழமையில் ஓர் ஊரின் ஆண்களெல்லாம் இரண்டு பக்கமாகப் பிரிந்து, தெருவிலும் வயலிலும் ஆற்றிலுமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஆள் கணக்கு கிடையாது, எல்லைக்கோடு கிடையாது, இருட்டினால் ஆட்டம் முடியும். பிறகு ஊர்ப் பொது நிலங்கள் வேலி போட்டுத் தனியார் கைக்குப் போயின. 1835-ல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம் பொதுச் சாலையில் பந்து விளையாடினால் 40 ஷில்லிங் வரை அபராதம் என்றது. கூட்டமாக ஓட இடமில்லை. ஆலைச் சங்குக்குக் கட்டுப்பட்டவனுக்கு நேரமும் இல்லை.

1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் பஞ்சாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வேலையை நிறுத்த வேண்டும் என்றது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது, ஆகவே ஆண்களுக்கும் விடுதலை கிடைத்தது. மற்றத் தொழில்களுக்கும் அந்த அரைநாள் மெல்ல மெல்லப் பரவியது. இரண்டு மணிக்கு வேலை முடிந்தால் மூன்று மணிக்கு ஆட்டம் வைக்கலாம். இன்றைக்கும் ஆங்கிலக் காற்பந்தில் சனிக்கிழமை மூன்று மணி என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அது அந்தச் சங்கிலிருந்து வந்த கணக்கு. நாள் முழுக்க ஓடிய பழைய ஆட்டம் தொண்ணூறு நிமிடத்துக்குள் அடங்கியது. தொழிற்புரட்சி விளையாட்டைக் கொன்றது என்று சிலர் எழுதுகிறார்கள், வளர்த்தது என்று சிலர். என்னைக் கேட்டால், அதற்கு ஷிப்ட் போட்டது என்பேன்.

அப்புறம் பந்து. பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதித் தோலுக்குள் வைத்துத் தைத்ததுதான் பழைய பந்து. அந்தப் பையின் வடிவம்தான் பந்தின் வடிவம். சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு 1844-ல் காப்புரிமை வாங்கிய பிறகு, 1860களில் ரப்பர் பை வந்தது. பந்து உருண்டையானது, ஒரே மாதிரி துள்ளியது, ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்ய முடிந்தது. புல்தரை டென்னிஸும் அப்படித்தான். துணியும் முடியும் அடைத்த பழைய பந்து புல்லில் துள்ளாது. ரப்பர் பந்து துள்ளும். 1830-ல் எட்வின் பட்டிங் புல்வெட்டும் இயந்திரத்தைச் செய்து வைத்திருந்தார். இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் 1874-ல் வால்டர் விங்ஃபீல்டு என்ற ராணுவ அதிகாரி டென்னிஸைப் பெட்டியில் போட்டு விற்க முடிந்தது. வாங்கியவர்கள் வீட்டுக்குப் பின்னால் புல்தரை வைத்திருந்தவர்கள். தெருவோடு ஒட்டிய வரிசை வீட்டில் இருந்த நெசவாளிக்கு அந்தப் பெட்டியால் பயனில்லை.

கோல்ப் கதை இன்னும் நமக்குப் பக்கத்தில் வருகிறது. வாத்து இறகு அடைத்த தோல் பந்துக்குப் பதிலாக 1848 வாக்கில் கெட்டிப் பிசினால் செய்த பந்து வந்தது. அந்தப் பிசின் மலாயாக் காடுகளிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் கிடைத்த கட்டாப்பெர்ச்சா. விலை இறங்கியது, பள்ளி ஆசிரியரும் கடைக்காரரும்கூட ஸ்காட்லாந்தில் கோல்ப் ஆடத் தொடங்கினார்கள். அதற்காக இங்கே மரங்கள் அடியோடு சாய்க்கப்பட்டன, ஏனென்றால் அந்த மரத்தைப் பால்மரம் போல் நின்றபடி வெட்டிப் பால் எடுக்க முடியாது. கடலடித் தந்தி வடங்களுக்கும் அதே பிசின்தான் வேண்டியிருந்தது. காடு காலியானது.

பிரேசிலிலிருந்து வந்த பால்மரக் கன்றுகளில் சில 1877-ல் கோலகங்சாரில் நடப்பட்டன. அன்றைய நடவைச் சேர்ந்த ஒரு கிழட்டு மரம் அங்கே இன்னும் வேலிக்குள் நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து காரில் அரை மணி நேரம் போனால் பார்க்கலாம். 1920களில் உலகத்தின் ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து போனது. பெரும்பகுதி கார் டயருக்குத்தான் போயிருக்கும். ஆனாலும் டென்னிஸ் பந்துக்குள்ளும் காற்பந்துப் பைக்குள்ளும் சைக்கிள் டயரிலும் எங்கள் ஆட்கள் வெட்டிய பால் இருந்தது.

எங்களுக்குக் கிடைத்தது ஒட்டுப்பால். வெட்டுக் கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நாடா மாதிரி உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றினால் முஷ்டி அளவு பந்து கிடைக்கும். கன்னாபின்னாவென்று துள்ளும். கெட்ட நாற்றம், கை கழுவினாலும் போகாது. ஒட்டுப்பாலும் கம்பெனிச் சொத்து, அதுவும் நிறுத்துத்தான் வாங்கப்படும், ஆகவே எங்கள் பந்து திருட்டுப் பந்து. ஒரு முறை சின்னக் கிராணியார் (தோட்டத்து எழுத்தர்) ஒருவர் என் பந்தைப் பிடுங்கி நிறுவையில் போட்டு, எங்கள் அப்பாவின் கணக்கிலேயே எழுதிவிட்டார். தண்டனையா, கருணையா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. பந்து போய்விட்டால் பால்மரக் கொட்டை இருந்தது. சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைப்பது ஒரு விளையாட்டு. இதற்கு மட்டும் கம்பெனி கணக்கு வைக்கவில்லை.

தோட்டத்தில் விளையாட்டு மூன்று அடுக்காக இருந்தது. மேட்டில் துரை பங்களா, அதற்குப் பக்கத்தில் டென்னிஸ் புல்தரை. சனிக்கிழமை துரை ஈப்போவுக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போவார். ஈப்போவில் 1895-லேயே கிளப் வந்துவிட்டது, கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப் 1884-ல். பில்லியர்ட்ஸ், கிரிக்கெட், விஸ்கி, நீண்ட வராந்தா. நடு அடுக்கில் கிராணிமார், தோட்டத்து மருந்தகத்து டிரெஸ்ஸர், ஆபீஸ் ஆட்கள். யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் அதிகம். அவர்களுக்கு ஆபீசுக்குப் பின்னால் சிமெண்டுப் பூப்பந்துத் தளம், ஒரு சின்ன ஸ்டாப் கிளப், கேரம் பலகை, பழைய ஆங்கிலப் பத்திரிகை. கீழே லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், அதன் ஓரத்தில் திடல், திடலுக்கு அந்தப்பக்கம் கள்ளுக்கடை. மேட்டில் இருப்பவர் விரும்பினால் கீழே இறங்கி வந்து முதல் உதை உதைத்துக் கிண்ணம் கொடுத்துவிட்டுப் போகலாம். கீழே இருப்பவன் மேலே போனால் பந்து பொறுக்கத்தான் போனான். என் மாமா ஒருவர் சிறுவயதில் டென்னிஸ் பந்து பொறுக்கி, பிறகு ஈப்போவில் கோல்ப் பை தூக்கியவர். ஒவ்வொரு குழிக்கும் எந்த மட்டை எடுக்க வேண்டும் என்று துரைமாருக்குச் சொல்லிக்கொடுத்ததாகப் பெருமையாகச் சொல்வார். அந்தத் திடலில் அவர் ஒரு நாளும் ஆட்டக்காரராக இறங்கியதில்லை.

இந்த அடுக்கு இங்கே புதிதாகக் கண்டுபிடித்ததல்ல, கப்பலில் வந்தது. இங்கிலாந்தில் கிரிக்கெட்டில் கனவான்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையே 1806-லிருந்து 1962 வரை ஒரு போட்டி நடந்தது. காசு வாங்காமல் ஆடுபவர் கனவான், காசு வாங்குபவர் வெறும் ஆட்டக்காரர். ஒரே அணியில் ஆடினாலும் உடை மாற்றும் அறை வேறு, பல மைதானங்களில் உள்ளே வரும் வாசலே வேறு. எங்கள் தோட்டத்து அணி வெளியாட்டத்துக்குப் போகும்போது கிராணியார் லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்காருவார், மற்ற பத்துப் பேரும் பின்னால். அவர் ஒன்றும் மோசமான ஆளில்லை, இடதுகால் உதை பிரமாதம். ஆனால் கேப்டன் யார் என்று யாரும் ஓட்டுப் போட்டதில்லை.

சைக்கிள் இந்த அடுக்குகளைக் கலைத்துப்போட்டது. ஜான் டன்லப் 1888 வாக்கில் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அடுத்த பத்தாண்டுகளில் இங்கிலாந்தில் சைக்கிள் மோகம் பிடித்தது. முதலில் பணக்காரர்கள், விலை இறங்க இறங்கக் குமாஸ்தாக்கள், கடைசியில் ஆலைத் தொழிலாளிகள். ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துப் புகையை விட்டுக் கிராமத்துக்குப் போவதற்கு ரயில் டிக்கெட்கூட வேண்டாம். மலாயாத் தோட்டங்களிலும் 1930களில் கொஞ்சம் காசு சேர்த்தவர்கள் சைக்கிள் வாங்கினார்கள். சைக்கிள் வைத்திருப்பவன் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்டம் பார்க்கலாம், பட்டணத்தில் படம் பார்க்கலாம், சங்கக் கூட்டத்துக்கும் போகலாம். ஆனால் எதிரே துரை வந்தால் இறங்கி நிற்க வேண்டும். அவர் போன பிறகுதான் ஏறலாம்.

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்தினார். கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வு இருந்தது, பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று இருந்தது. அவற்றோடு இன்னொன்று: துரைமார் முன்னால் சைக்கிளில் இறங்காமல் போக உரிமை வேண்டும். வரலாற்றாசிரியர்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுச் சம்பளத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கோ முழுப் பட்டியலிலும் கண்ணில் நிற்பது இதுதான். வயிற்றுக்கு அடுத்தபடியாக மனிதன் கேட்டது, தன் ஓய்வு நேரத்தில், தன் காசில் வாங்கிய வண்டியில், உட்கார்ந்தபடி போகும் உரிமை. நாதனை நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

கள்ளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆலை முதலாளிகளும் பாதிரிமாரும் இங்கிலாந்தில் தொழிலாளியின் குடியைப் பற்றி ரொம்பக் கவலைப்பட்டார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வராதவனால் இயந்திரம் சும்மா நிற்கிறதே. ஆகவே நல்ல பொழுதுபோக்கு வேண்டும் என்று பூங்கா, நூலகம், வாத்தியக் குழு, காற்பந்து எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். எவர்ட்டனும் ஆஸ்டன் வில்லாவும் தேவாலயத்து இளைஞர்கள் தொடங்கியவைதான். இங்கே கணக்கு வேறு மாதிரி. கள்ளுக்கடையே தோட்டத்துக்குள், பல இடங்களில் நிர்வாகத்தின் கையில் இருந்தது. திடலைக் கொடுத்த கைதான் கள்ளையும் ஊற்றியது. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை என்று இளைஞர்கள் திரண்டு கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். அவர்கள் உடற்பயிற்சி செய்தார்கள், அணிவகுத்தார்கள், சீருடை போட்டார்கள். அதுவும் ஒரு வகையில் ஓய்வு நேரம்தான், ஆனால் யாரும் கொடுத்ததல்ல. அதனால்தான் நிர்வாகமும் போலீசும் அதைக் கண்டு மிரண்டன என்று நினைக்கிறேன். காற்பந்து அணியைக் கண்டு யாரும் மிரளவில்லை.

இதுவரை ஆண்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். திடலில் நின்றவர்கள் ஆண்கள், அதனால். என் அம்மாவும் அப்பாவைப் போலவே இருட்டில் எழுந்து மரம் வெட்டினார். அப்பாவுக்கு முன்பே எழுந்தார் என்று சொல்வதுதான் சரி, ஏனென்றால் ரொட்டியும் தேநீரும் தானாக வராது. மதியம் இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அப்பா தூங்கினார், ஐந்து மணிக்குப் பந்து உதைத்தார். அம்மா துணி துவைத்தார், தண்ணீர் பிடித்தார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையிலிருந்து தம்பியைக் கூட்டிவந்தார், ராத்திரிக்குச் சமைத்தார். பால்மரம் எல்லோருக்கும் மாலையைக் காலி செய்து கொடுத்தது என்று மேலே எழுதினேன் அல்லவா, அந்த 'எல்லோரும்' பாதிப் பேர்தான். அம்மாவின் ஓய்வு என்று ஏதாவது இருந்ததென்றால் அது தண்ணீர்க் குழாயடிப் பேச்சும், திடலில் திரை கட்டித் தகவல் இலாகா வேன் படம் காட்டிய இரவுகளும், தைப்பூசமும்தான். தைப்பூசத்துக்கு லாரியில் ஈப்போ குனோங் சீரோவுக்குப் போவோம். அந்த ஒரு நாளைக்காக அவர் மாதக்கணக்கில் பேசுவார்.

பெண்கள் ஆடினால் யார் பார்ப்பார்கள் என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனபோது, பிரஸ்டன் நகரில் டிக் கெர் என்ற ஆலையின் பெண் தொழிலாளர்கள் 1917-ல் அணி கட்டினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த டிசம்பரிலேயே ஆங்கிலக் காற்பந்துச் சங்கம் தன் உறுப்பு மன்றங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அது நீடித்தது. காரணம் பெண்ணுடலுக்கு ஏற்ற ஆட்டமில்லையாம். அதே உடல் குண்டு செய்யும் ஆலைக்கு ஏற்றதாக இருந்தது, பால்வாளி தூக்குவதற்கு ஏற்றதாக இருந்தது. 1966-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் எம். ராஜமணி 400 மீட்டரில் தங்கம் வாங்கியபோது தோட்டத்து வானொலிகளுக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று அடிக்கடி யோசிப்பேன். அதே போட்டியில் ஜெகதீசன் மூன்று தங்கம் வாங்கினார், ஊரெல்லாம் அவர் பேச்சு. அம்மா ராஜமணியைப் பற்றித்தான் பேசுவார்.

மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. நனைந்த பட்டையில் பால் கோட்டை விட்டு வழிந்துவிடும், மங்கில் மழைத்தண்ணீர் நிறைந்துவிடும். ஆகவே காலையில் மழை என்றால் பெரட்டிலிருந்தே திருப்பி அனுப்புவார்கள். எங்களுக்குக் கொண்டாட்டம். திடல் சேறாகக் குழம்பிக் கிடக்கும், ஆண்கள் பையன்கள் எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள், பந்து எங்கே என்று தேடித் தேடி உதைப்போம். தோட்டத்திலேயே எனக்குப் பிடித்த ஆட்டம் அதுதான். அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. மழை மாதத்தில் அம்மா கடைக்காரரிடம் கணக்குச் சொல்லும் குரல் மாறும். மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள் கேட்டதன் பின்னால் இந்த மழை நாட்களும் இருந்தன. லங்காஷயர் பஞ்சாலைப் பட்டணங்களிலும் வருஷத்தில் ஒரு வாரம் மொத்த ஆலையும் மூடி, ஊரே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். படங்களில் பார்த்தால் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது, வருஷம் முழுக்கச் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. ஊதியத்தோடு விடுமுறை என்று அங்கே சட்டம் வந்தது 1938-ல்தான்.

சரி, இரண்டு இடத்திலும் கதை இவ்வளவு ஒத்துப் போகிறது என்றால் முடிவு மட்டும் ஏன் வேறாகப் போனது? இதுதான் என்னைக் குடையும் கேள்வி.

1883-ல் எஃப்.ஏ. கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி ஓல்டு ஈட்டனியன்ஸ் அணியை 2-1 என்று வீழ்த்தியது. தோற்றவர்கள் நாட்டின் உயர்ந்த பள்ளியில் படித்தவர்கள். வென்றவர்களில் நெசவாளர்களும் இரும்பு வேலைக்காரரும் இருந்தார்கள். உள்ளூர் ஆலை முதலாளி ஒருவர் பணம் போட்டு ஆட்டத்துக்கு முன் அவர்களைப் பிளாக்பூலில் பயிற்சி எடுக்க வைத்தார். 1885-ல் காசுக்கு ஆடுவது சட்டப்படி சரி என்றானது. 1888-ல் 12 மன்றங்கள் சேர்ந்து லீக் தொடங்கின, அத்தனையும் வடக்கையும் நடு இங்கிலாந்தையும் சேர்ந்த தொழில் நகரங்கள். அவற்றில் 11 மன்றங்கள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன. பஞ்சாலைகள் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது, அணி இருக்கிறது.

எங்கள் தோட்டத்து அணிகளில் எத்தனை இருக்கின்றன? நான் அறிய, சுற்றுவட்டாரத்தில் ஒன்றுமில்லை.

திறமை குறைவு என்று சொல்ல முடியாது. ஆறுமுகம் என்ற கோல்கீப்பரை நாடே ஸ்பைடர்மேன் என்று கொண்டாடியது, சந்திரன் தேசிய அணியின் தற்காப்பைத் தாங்கினார். ஆர்வக் குறைவும் இல்லை. 1921-ல் எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பலின் மாலுமிகள் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தார்கள், அதுதான் பின்னாளில் மலேசியக் கிண்ணம் ஆனது. அந்தக் கப்பலே மலாய் மாநிலங்களின் பணத்தில் கட்டியது, அந்தப் பணம் ஈயமும் ரப்பரும் ஈட்டியது. கிண்ணத்தின் ஆட்டங்களுக்கு ஈப்போ அரங்கத்தில் நின்ற கூட்டத்தில் பாதி தோட்டத்து லாரிகளில் போனவர்கள் என்று அப்பா சத்தியம் செய்வார்.

பிளாக்பர்ன் நெசவாளி ஆலையில் வேலை பார்த்தான், ஆனால் ஊரில் குடியிருந்தான். வேலை போனாலும் தெரு இருந்தது, தேவாலயம் இருந்தது, மன்றம் இருந்தது. வாசலில் ஆறு பென்ஸ் கட்டிப் பார்த்தான், அந்தக் காசில் மன்றம் மைதானம் வைத்துக்கொண்டது. எங்களுக்கு வீடு கம்பெனியுடையது, தண்ணீர் கம்பெனியுடையது, கோயில் நின்ற நிலம் கம்பெனியுடையது, கோல்கம்பம் நட்ட நிலமும் கம்பெனியுடையது. டிக்கெட் கிடையாது, எல்லாம் இனாம். இனாமாக வந்தது ஒரே கடிதத்தில் திரும்பிப் போனது. 1957-க்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதே இது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தொகுதியின் துன் சம்பந்தன் 1960-ல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்தில் தோட்டங்கள் வாங்கியது அதனால்தான். அந்த வழி எல்லாத் தோட்டத்துக்கும் போய்ச் சேரவில்லை.

பிறகு பால்மரத்துக்குப் பதிலாகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. அதற்கு விடியலும் மதியமும் கிடையாது. குலை எப்போது பழுக்கிறதோ அப்போது வெட்டு, எத்தனை டன்னோ அத்தனை காசு. மாலை ஐந்து மணி என்ற பொது நேரம் முதலில் போனது. ஆள் தேவை குறைந்தது, குடும்பங்கள் குறைந்தன, பின்னால் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். எங்கள் தோட்டத்தில் வேலை முடிந்தவர்களுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. திடலைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அங்கே இப்போது செம்பனை நிற்கிறது, நல்ல காய்ப்பு. பட்டணத்துக்குப் பக்கத்துத் தோட்டங்களின் கதி வேறு. சீஃபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆனது, பிராங் புசார் தோட்டம் புத்ராஜெயாவுக்குள் போனது. பல தோட்ட நிலங்களில் கோல்ப் திடல்கள் வந்தன, உள்ளே போக உறுப்பினர் அட்டை வேண்டும்.

பட்டணத்துக்கு வந்த பிள்ளைகளை இரண்டாவது தொழில்மயம் பிடித்துக்கொண்டது. 1972-ல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொடங்கிய மின்னணு ஆலைகள் தோட்டப்புறத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போயின. என் அக்கா அதில் ஒருவர். மூன்று ஷிப்ட், வாரத்துக்கு வாரம் மாறும். முதன்முதலாகக் கையில் சொந்தக் காசு, விடுதித் தோழிகளோடு பினாங்குக் கடற்கரை, ஞாயிற்றுக்கிழமைப் படம். அம்மாவுக்கு ஒருபோதும் வாய்க்காத ஓய்வு அக்காவுக்குக் கிடைத்தது. அதை மறந்துவிட்டுத் தோட்டத்தை மட்டும் நினைத்து உருகுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் ஷிப்ட் வேலையில் பதினோரு பேர் சேர முடியாது. நான்கு பேர் காலை வேலை, மூன்று பேர் இரவு, ஒருவன் சிங்கப்பூரில். பூட்சால் இங்கே இப்படிப் பெருகியதற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு. ஐந்து பேர் போதும், விளக்கு உண்டு, ராத்திரி பதினொரு மணிக்கும் ஆடலாம். மணிக்கணக்கில் வாடகை, பத்துப் பேரும் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். சம்பளம் வருவதற்கு முந்திய வாரம் தளம் காலியாகக் கிடக்கும், சம்பளம் வந்த வாரம் இடம் கிடைக்காது. 2023 ஜனவரியிலிருந்து வார வேலை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்திருக்கிறது. அந்த மூன்று மணி நேரத்தை ஓவர்டைமாக விற்றுவிட்டதாக என் மருமகன் சொன்னான். மோட்டார் சைக்கிள் தவணை இருக்கிறதாம்.

அவனும் கூட்டாளிகளும் போன மாதம் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியையிடம் போய், ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளித் திடலைக் கேட்டிருக்கிறார்கள். அவர் இரண்டு நிபந்தனை போட்டார். ஆட்டம் முடிந்ததும் குப்பையைப் பொறுக்க வேண்டும். ஏழு மணியிலிருந்து எட்டரை வரை பள்ளிப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் இவர்கள் ஆட்டம். இரவு ஷிப்ட் முடிந்து நேராக வரும் இரண்டு பேர் அந்தப் பயிற்சியை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பந்து போதவில்லை என்று என்னிடம் வந்து கேட்டான். நான்கு வாங்கிக் கொடுத்தேன்.